3,000 படங்களைச் சலித்து 300 ஆக்குவது எப்படி: படிப்படியான வழிகாட்டி

ஒரே நிகழ்வில் எடுத்த 3,000 படங்கள் கேமராவின் மெமரி கார்டில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு 2 விநாடி செலவிட்டால் மொத்தம் 100 நிமிடம். 5 விநாடி செலவிட்டால் 4 மணி 10 நிமிடம். இடையில் இருக்கும் அந்த மூன்று விநாடியைத் தின்பது தயக்கம். வைக்கலாமா, வேண்டாமா, கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினால் தேறுமா, இதற்கு முந்தையது நன்றாக இருந்ததோ என்று பின்னால் போய்ப் பார்ப்பது எல்லாம் அதில்தான் அடங்கும்.

தயக்கத்தைக் குறைக்க ஒரு விதி போதும்: ஒரு சுற்றில் ஒரே ஒரு கேள்வி. ஃபோகஸ் பார்க்கும் சுற்றில் முகபாவத்தைப் பார்க்க வேண்டாம். படம் பொறுக்கும் சுற்றில் நிறத்தைத் திருத்த வேண்டாம். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த விதிக்கு உட்பட்டவைதான். சலிப்பது என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. இரண்டாவது வந்துவிட்டால் முதலாவது கெட்டுவிடும். அதனால் எந்தப் படிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும் முடிந்த இடத்தில் சொல்லியிருக்கிறது.

1. முதலில் பிரதி, பிறகு சலிப்பு

கேமராவிலேயே உட்கார்ந்து அழிக்கத் தொடங்காதீர்கள். மூன்று அங்குலத் திரையில் எல்லாப் படமும் ஷார்ப்பாகத்தான் தெரியும். விரல் தவறி நல்ல படம் போவதும் அங்கேதான் அதிகம்.

கார்டிலிருந்து கணினிக்குக் 'காப்பி' செய்யுங்கள், 'கட்' செய்யாதீர்கள். கட் செய்யும்போது நடுவில் வயர் கழன்றால் பாதி இங்கும் பாதி அங்குமாக நிற்கும். எது வந்தது, எது வரவில்லை என்று தேடுவதற்கே ஒரு மணி நேரம் போகும்.

நேரக்கணக்கு இது: பழைய யுஎஸ்பி 2.0 கார்டு ரீடர் நடைமுறையில் விநாடிக்கு ஏறக்குறைய 30 எம்பி தரும். 64 ஜிபி கார்டுக்கு 35 நிமிடத்துக்குமேல் ஆகும். யுஎஸ்பி 3 ரீடரில் விநாடிக்கு 90 எம்பி படிக்கும் கார்டு என்றால் அதே வேலை 12 நிமிடம். இந்த வேலைமுறை முழுவதிலும் காசு செலவழிக்கத் தகுந்த முதல் பொருள் நல்ல கார்டு ரீடர்தான், மென்பொருள் அதற்குப் பிறகு.

இடக்கணக்கு: 24 மெகாபிக்ஸல் கேமராவின் ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும், இன்னும் படமாக்காத ஃபைல்) பெரும்பாலும் 25 முதல் 30 எம்பி வரை இருக்கும். 3,000 படம் என்றால் 75 முதல் 90 ஜிபி. இரண்டு பிரதி வேண்டும் என்பதால் இரட்டிப்பாகக் கணக்கிடுங்கள். இரண்டாவது பிரதி வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். ஒரே டிஸ்க்கை இரண்டு டிரைவாகப் பிரித்து வைத்திருப்பது இரண்டு பிரதி ஆகாது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

காப்பி முடிந்ததும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் கார்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடைசிப் பத்துப் படங்களைத் திறந்தும் பாருங்கள்; காப்பி பாதியில் அறுந்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். கார்டை இப்போது தொடாதீர்கள், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

2. பெயரும் நேரமும்

கேமரா தரும் ஃபைல் எண் நான்கே இலக்கம். 9999-ஐத் தொட்டதும் மீண்டும் 0001. இரண்டு கேமராக்கள் இருந்தால் ஒரே பெயரில் இரண்டு படங்கள் வரலாம். ஒரே ஃபோல்டரில் போடும்போது 'மாற்றி எழுதவா' என்று கணினி கேட்கும், அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிடுவோம். அந்தப் படம் போனது போனதுதான்.

எனவே காப்பி செய்த கையோடு பெயர் மாற்றுங்கள். ஆண்டு-மாதம்-நாள், அடுத்து மணி-நிமிடம்-விநாடி, கடைசியில் கேமரா கொடுத்த பழைய எண்: 20240315_153022_4821 என்பதுபோல. பழைய எண்ணை விட்டுவிடக் கூடாது. பர்ஸ்ட்டில் (ஷட்டரை அழுத்திப் பிடித்துத் தொடராக எடுப்பதில்) ஒரே விநாடிக்குள் எடுத்த பத்துப் படங்களை வேறுபடுத்துவது அது மட்டுமே. ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுப்பவர்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜோடி பிரிந்தால் பின்னால் தொல்லை.

நேரத்தை எக்ஸிஃப் தகவலிலிருந்து (எடுக்கும்போதே கேமரா ஃபைலுக்குள் பதியும் விவரம்) எடுக்கச் சொல்லுங்கள். ஃபைலின் 'மாற்றிய தேதி' படம் எடுத்த நேரம் என்று நம்பக் கூடாது, எடிட் செய்தாலே அது மாறிவிடும்.

இரண்டு கேமராக்களின் கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால் படங்கள் வரிசை குலைந்து நிற்கும். இரண்டிலும் பதிவான ஒரே கணத்தை, ஒரு கைத்தட்டலையோ விளக்கு ஏற்றுவதையோ கண்டுபிடித்து வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். லைட்ரூம் கிளாசிக், டிஜிகேம், எக்ஸிஃப்டூல் ஆகிய மூன்று மென்பொருள்களிலும் ஒரு கேமராவின் எல்லாப் படங்களின் நேரத்தையும் ஒரே அடியாக நகர்த்தும் வசதி உண்டு. பெயர் மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். அடுத்த முறை, நிகழ்வு தொடங்கும்போது எல்லாக் கேமராவாலும் ஒரே கடிகாரத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்த வேலை இரண்டு நிமிடம்.

3. எந்த மென்பொருள்

ரா ஃபைலைத் திரையில் காட்ட, மென்பொருள் அதை முதலில் படமாக்க வேண்டும். அந்த வேலைதான் தாமதம். ஆனால் ரா ஃபைலுக்குள்ளேயே கேமரா தயாரித்து வைத்த ஒரு ஜேபெக் முன்னோட்டம் இருக்கிறது. ஃபோட்டோ மெக்கானிக் அதை எடுத்துக் காட்டுகிறது, அதனால்தான் அம்புக்குறியை அழுத்தியதும் அடுத்த படம் வந்து நிற்கிறது. ஃபாஸ்ட்ராவியூவர் ராவையே நேரடியாக வேகமாகப் படமாக்கிக் காட்டும். ராவின் உண்மையான ஹிஸ்டோகிராமும் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) அதில் தெரியும். இரண்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை.

இலவசமாக வேண்டுமானால் டார்க்டேபிள், டிஜிகேம் இரண்டும் திறமூல மென்பொருள்கள். அடோபி பிரிட்ஜுக்குக் கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். எக்ஸ்என்வியூ எம்பி சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்.

லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள் இம்போர்ட் செய்யும்போது முன்னோட்ட வகையில் கேமரா தந்த முன்னோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் முழு அளவு முன்னோட்டங்களை இரவில் உருவாக்க விட்டுவிட்டுக் காலையில் உட்காருங்கள். இரண்டும் செய்யாமல் உட்கார்ந்தால் ஒவ்வொரு படத்துக்கும் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். லைட்ரூம் மெதுவாக இருக்கிறது என்ற புகாரில் பெரும்பங்கு இந்த ஒரு தேர்வில்தான் இருக்கிறது.

எந்த மென்பொருளானாலும் சோதனை ஒன்றே: அம்புக்குறியைத் தொடர்ந்து இருபது முறை அழுத்துங்கள். ஒவ்வொரு படமும் அரை விநாடிக்குள் தெளிவாக வர வேண்டும். வரவில்லையென்றால் படங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வெளியே செருகிய ஹார்ட் டிஸ்க்கிலோ நெட்வொர்க் டிரைவிலோ வைத்துச் சலிப்பது மணலில் வண்டி தள்ளுவது மாதிரி. சலிக்கும் வரைக்குமாவது கணினியின் எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவால் தானே சலித்துத் தரும் ஆஃப்டர்ஷூட், நரேட்டிவ் செலக்ட் போன்றவையும் இருக்கின்றன. ஒரே மாதிரியான படங்களைக் குழுவாக்கவும் கண் மூடியவற்றைச் சுட்டிக்காட்டவும் அவற்றைப் பயன்படுத்தலாம். கண்மூடி வேண்டுபவரையும் கண் சுருங்கச் சிரிப்பவரையும் 'கண் மூடிய படம்' என்று தள்ளுவது, நிழலுருவப் படத்தில் முகம் தெரியவில்லை என்று மதிப்பெண் குறைப்பது, வேண்டுமென்றே அசைவு தெரிய எடுத்ததைக் கெட்ட படம் என்பது எல்லாம் இவை எளிதில் செய்யும் தவறுகள். குழுவாக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அழிக்கும் அதிகாரம் வேண்டாம்.

4. குறிகளை முன்பே முடிவு செய்யுங்கள்

ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டுங்கள். ஒரு நட்சத்திரம்: முதல் சுற்றில் தேறியது. இரண்டு: தன் குழுவில் வென்றது. மூன்று: இறுதிப் பட்டியல். இதற்குமேல் வேண்டாம். 'இது மூன்றரை நட்சத்திரம் பெறுமா' என்று யோசிக்கத் தொடங்கினால் கணக்கு 5 விநாடிக்குப் போய்விடும்.

லைட்ரூமில் 1 முதல் 5 வரை எண் விசைகள் நட்சத்திரம், எக்ஸ் விசை நிராகரிப்பு, யு விசை குறியை நீக்கும். கேப்ஸ் லாக் போட்டு வைத்தால் குறியிட்டதும் தானாக அடுத்த படத்துக்குப் போகும். டார்க்டேபிளில் நிராகரிப்புக்கு ஆர் விசை. சலிக்கும்போது மவுஸைத் தொட வேண்டிய அவசியமே வரக் கூடாது.

நட்சத்திரத்தைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. எக்ஸ்எம்பி தகவலில் (மென்பொருள்கள் குறிகளை எழுதி வைக்கும் பொது வடிவம்) நட்சத்திரம் வெறும் எண்ணாகப் பதிவாவதால் ஒரு மென்பொருளில் இட்டது இன்னொன்றில் தெரியும். வண்ணக் குறி அப்படியல்ல, அது சொல்லாகப் பதிவாகிறது. இரண்டு மென்பொருள்களில் அந்தச் சொல் வேறாக இருந்தால் வண்ணம் காணாமல் போகும். லைட்ரூம் எல்லாவற்றையும் கேட்டலாகு என்ற தன் சொந்தத் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்ளும், அதனால் எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் அமைப்பை முதலிலேயே இயக்கிவிடுங்கள். ரா ஃபைலை எங்காவது நகர்த்தினால் பக்கத்தில் இருக்கும் எக்ஸ்எம்பி ஃபைலும் கூடவே போக வேண்டும்.

5. பிரிக்கக் கூடாத கூட்டங்கள்

பனோரமாவுக்காக எடுத்த ஏழு படங்களில் ஒன்று போனால் மீதி ஆறும் வீண். எச்டிஆருக்காக (பிறகு ஒரே படமாக இணைக்க) இருட்டாகவும் வெளிச்சமாகவும் எடுத்தவை தனித்தனியே பார்த்தால் கெட்ட படங்கள் போலவே இருக்கும். ஃபோகஸ் ஸ்டாக்கிங் (ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி எடுத்துப் பிறகு இணைப்பது) இன்னும் மோசம், ஒவ்வொன்றிலும் பெரும்பகுதி மங்கல்தான். முதல் சுற்றுக்கு முன் சிறுபடங்களை ஒருமுறை வேகமாக உருட்டி, இப்படிப்பட்டவற்றுக்கு ஒரு வண்ணக் குறி போட்டு ஒதுக்குங்கள். வண்ணத்துக்கு இந்த வேலைமுறையில் இருக்கும் ஒரே பயன் இது. எடுக்கும்போதே கூட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ளங்கையை ஒரு படம் எடுத்து வைத்தால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேட வேண்டாம்.

6. முதல் சுற்று: இன்னொரு முறை பார்க்கத் தகுமா?

கேள்வி இது மட்டும்தான். முழுத்திரை, பெரிதாக்கக் கூடாது, ஒரே திசையில் முன்னோக்கி. பின்னால் போகக் கூடாது.

கெட்டதைத் தேடிக் கழிக்காதீர்கள். தேறியதை மட்டும் குறியிடுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் விளைவு வேறு. கெட்டதைத் தேடும்போது 'இதில் என்ன குறை' என்று கேட்போம். குறை ஒன்றும் இல்லாத, ஆனால் யாரும் இரண்டாம் முறை பார்க்கப்போகாத படங்கள் நூற்றுக்கணக்கில் தங்கிவிடும். நல்லதைத் தேடும்போது அவை தாமாகவே நின்றுபோகும். எக்ஸ் குறி தெளிவான குப்பைக்கு மட்டும்: தரை, லென்ஸ் மூடி, கை தவறி அழுத்தியது.

இங்கே ஒரு பொறி. முன்னோட்டத்தில் இருட்டாகத் தெரிவதால் மட்டும் ராவைத் தள்ளாதீர்கள். இருண்ட பகுதியைப் பெரும்பாலும் மீட்கலாம். வெளிச்சம் மிஞ்சி முற்றிலும் வெளுத்துப்போன வானத்தையோ வெள்ளை உடையையோ மீட்க அங்கே தகவலே இருக்காது. ஒரே கணத்தின் இரண்டு படங்களில் ஒன்று இருட்டு, ஒன்று வெளுப்பு என்றால் இருட்டானதை வையுங்கள். ஜேபெக்கில் மட்டும் எடுத்திருந்தால் இந்தச் சலுகை குறைவு.

40 நிமிடம் பாருங்கள், எழுந்து நடங்கள், மறுபடி உட்காருங்கள். படத்துக்கு 2 விநாடி என்றால் 40 நிமிடத்தில் 1,200 படம் முடியும். 3,000 படத்துக்கு மூன்று அமர்வு. தொடக்கத்தில் கை தாராளமாக இருக்கும், கண் பழகப் பழக இறுகும். எனவே சுற்று முடிந்ததும் முதல் நூறு படங்களை மட்டும் மறுபடி பாருங்கள். மொத்தத்தில் பாதிக்குமேல் தேறியிருந்தால் நீங்கள் சலிக்கவில்லை, பார்த்து ரசித்திருக்கிறீர்கள்.

7. இரண்டாம் சுற்று: குழுவுக்கு ஒன்று

உண்மையான வேலை இங்கேதான். ஒரு நட்சத்திரம் பெற்றவற்றை மட்டும் வடிகட்டித் திரைக்குக் கொண்டுவாருங்கள். லைட்ரூமில் எடுத்த நேர இடைவெளியை வைத்துத் தானாக அடுக்கும் வசதி இருக்கிறது. 2 அல்லது 3 விநாடி என்று கொடுத்தால் பர்ஸ்ட்டுகள் தனித்தனி அடுக்காகிவிடும்.

நான்கு முதல் ஆறு படம் வரை உள்ள குழுவுக்கு எல்லாவற்றையும் ஒருசேரத் திரையில் பரப்புங்கள் (லைட்ரூமில் என் விசை, டார்க்டேபிளில் எக்ஸ் விசை). அவற்றில் மிக மோசமானதை முதலில் நீக்குங்கள், பிறகு அடுத்தது, கடைசியில் ஒன்று மிஞ்சும். பத்து, இருபது என்று நீளும் பர்ஸ்ட்டுக்கு மல்யுத்த முறை: முதல் படத்தைக் களத்தில் நிறுத்துங்கள், அடுத்ததை அதோடு மோத விடுங்கள். வென்றது நிற்கும், தோற்றது வெளியேறும். லைட்ரூமில் சி விசை இதற்குத்தான். இருபது படத்துக்குப் பத்தொன்பது மோதல், அவ்வளவுதான். இருபதையும் மனதில் வைத்துக்கொண்டு ஒப்பிட முயன்றால் குழப்பமே மிஞ்சும்.

எதை வைத்துத் தீர்ப்பது என்ற வரிசையை மாற்றாதீர்கள். மனிதர்கள் இருந்தால் முதலில் கண், பிறகு முகபாவம், பிறகு கைகளும் ஓரங்களும் வெட்டுப்பட்டிருக்கிறதா, கடைசியில் பின்னணி. ஓட்டம், ஆட்டம், குதிப்பு என்றால் உச்சக் கணம் முதலில். பந்து மட்டையில் படும் கணம் சற்றே மென்மையாக இருந்தாலும், பந்து போன பிறகு எடுத்த கூர்மையான படத்தைவிட அதுவே மேல்.

இரண்டு படத்துக்கிடையே 10 விநாடிக்குள் முடிவு வரவில்லையென்றால் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு நகருங்கள். உங்களுக்கே தெரியாத வித்தியாசம் பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை. 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒரு ஃபோல்டர் மட்டும் தொடங்கிவிடாதீர்கள். அது நிரம்பும், திறக்கப்படாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கூட்டமாக நின்று எடுத்த படத்தில் எல்லோரும் கண் திறந்திருக்கும் ஒரே படம் பெரும்பாலும் இருக்காது. இரண்டு மூன்றை வைத்துக்கொண்டால் ஒன்றிலிருந்து முகத்தை எடுத்து இன்னொன்றில் பொருத்தலாம். அவை ஒரே இடத்தில் நின்று, ஒரே சட்டத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும்.

குறைந்த வெளிச்சத்தில் கையில் பிடித்து எடுத்த பர்ஸ்ட் என்றால் நடுப் படங்களிலிருந்து தொடங்குங்கள். ஷட்டரை அழுத்தும் அசைவு முதல் படத்திலும், விரலை எடுக்கும் அசைவு கடைசியிலும் விழ வாய்ப்பு அதிகம்.

8. மூன்றாம் சுற்று: 100 சதவீதப் பரிசோதனை

இரண்டு நட்சத்திரம் பெற்றவற்றுக்கு மட்டும். 3,000 படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

24 மெகாபிக்ஸல் படம் 6,000 × 4,000 பிக்ஸல். ஃபுல் எச்டி திரையின் உயரம் 1,080 பிக்ஸல்தான். அதனால் திரைக்குள் அடக்கிப் பார்க்கும்போது சிறிய ஃபோகஸ் பிழை தெரியவே தெரியாது. கண்ணிமை முடியில் வைத்து 100 சதவீதத்துக்கு, அதாவது படத்தின் ஒரு பிக்ஸல் திரையின் ஒரு பிக்ஸலாகத் தெரியும்படி பெரிதாக்குங்கள். முன்னோட்டம் முழுதாக வந்துசேரும் வரை ஒரு கணம் பொறுங்கள். அரைகுறையாக வந்த முன்னோட்டத்தைப் பார்த்து நல்ல படத்தைத் தள்ளுவது சாதாரணமாக நடப்பது. சில கேமராக்கள் ராவுக்குள் வைக்கும் முன்னோட்டமே சிறியது, அதைப் பெரிதாக்கினால் எல்லாப் படமும் மங்கலாகத்தான் தெரியும். நிச்சயமாக ஷார்ப்பான ஒரு படத்தை முதலில் பெரிதாக்கிப் பார்த்து உங்கள் கேமரா எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மங்கலிலும் மூன்று வகை. முகம் மங்கலாகி, பின்னால் இருக்கும் சுவர் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியது. பின்னணி கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் அவர் அசைந்திருக்கிறார், அது சில சமயம் அழகும்கூட. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியது. முதலாவதும் மூன்றாவதும் போகலாம், நடுவிலுள்ளதை யோசித்துத் தள்ளுங்கள்.

எந்த அளவில் பயன்படப்போகிறது என்பதையும் பாருங்கள். ஏ4 தாளில் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 2,480 × 3,508 பிக்ஸல் போதும். 100 சதவீதத்தில் தெரியும் இலேசான மென்மை அங்கே காணாமல் போகும். புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரிவது ஒரு படத்தைத் தள்ளக் காரணமே இல்லை.

9. எண்ணிக்கைக்குள் அடக்குவது

எத்தனை வேண்டும் என்பதை முன்பே எழுதி வையுங்கள். இந்தச் சுற்றை மறுநாள் செய்யுங்கள், கடைசிப் படத்திலிருந்து முதல் படத்தை நோக்கிப் பாருங்கள். திசை மாறும்போது பழகிய கண்ணுக்குப் படாதவை படும். சிறுபடங்களாகப் பரப்பி, பக்கத்தில் பக்கத்தில் ஒரே காட்சி இரண்டு இருந்தால் ஒன்றுக்கு மூன்றாவது நட்சத்திரம் கிடையாது. எடிட்டிங் இதற்குப் பிறகு, 300 படத்தில் மட்டும்.

10. ஃபோனில் குவிந்தவை

இங்கே படத்தைவிடக் கருவிகளுக்கு இடையிலான ஒத்திசைவுதான் (சிங்க்) ஆபத்து. ஐகிளவுட் ஃபோட்டோஸ் இயங்கும்போது ஒரு கருவியில் அழித்தால் எல்லாக் கருவியிலும் போய்விடும். கூகுள் ஃபோட்டோஸில் 'இடத்தைக் காலியாக்கு' என்பது பேக்கப் ஆனவற்றைக் கருவியிலிருந்து மட்டும் நீக்கும். 'அழி' என்பது இணையச் சேமிப்பிலும் (கிளவுட்) அழிக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு இழந்தவர்கள் நிறைய. ஐஃபோனில் அழித்தவை 30 நாள் வரையும், கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆனவை 60 நாள் வரையும் குப்பைத்தொட்டியில் இருக்கும்.

ஸ்கிரீன்ஷாட்டுகளிலிருந்து தொடங்குங்கள், அடுத்து பெரிய வீடியோக்கள். யோசிக்காமல் அதிக இடம் கிடைப்பது அங்கேதான். பிறகு நகல்கள்: ஐஓஎஸ் 16 முதல் ஐஃபோனிலேயே நகல்களுக்கான தனி ஆல்பம் உண்டு, கணினியில் டூப்குரு (dupeGuru), ச்காவ்கா (Czkawka) இரண்டும் இலவசம். முதலில் அச்சு அசலாக ஒன்றாக இருப்பவற்றை மட்டும் தேடச் சொல்லுங்கள், அதைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கலாம். 'ஒரேபோல் இருப்பவை' பட்டியலைக் கண்ணைத் திறந்துகொண்டு பாருங்கள். அசலும் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகலும் அதில் ஜோடியாக வரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியது சுருங்கியிருக்கும், எடுத்த தேதியும் போயிருக்கும். பிக்ஸல் அதிகம் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.

பல வருடக் குவியலை ஒரே மூச்சில் தொடாதீர்கள். ஒரு அமர்வுக்கு ஒரு மாதம், இருபது நிமிடம். புதியதிலிருந்து பழையதை நோக்கிப் போங்கள். அண்மையவற்றில் எது வேண்டாம் என்று சட்டெனத் தெரியும்.

11. அழிப்பது

குறியிடாதவற்றை அழிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இடம் இருந்தால் எக்ஸ் குறி பெற்ற குப்பையை மட்டும் நீக்கினால் போதும். நீக்கும் முன் அவற்றைச் சிறுபடங்களாக ஒருமுறை பாருங்கள். விசை மாறி அழுத்திய ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும்.

எந்த மென்பொருளில் குறியிட்டீர்களோ அதற்குள்ளிருந்தே அழியுங்கள். வெளியே ஃபோல்டரில் போய் அழித்தால் கேட்டலாகில் 'படம் காணவில்லை' என்ற குறிகள் மிஞ்சும். லைட்ரூமில் கண்ட்ரோலும் பேக்ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் நிராகரித்தவை மட்டும் திரளும். அப்போது இரண்டு தேர்வு வரும்: ஒன்று கேட்டலாகிலிருந்து மட்டும் நீக்கும், மற்றது டிஸ்க்கிலிருந்தே அழிக்கும். முதலாவதை அழுத்திவிட்டு 'இடம் குறையவே இல்லையே' என்று தேடுபவர்கள் உண்டு. ரா-ஜேபெக் ஜோடியில் இரண்டும் போயிற்றா என்றும் பாருங்கள்.

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும் வரை இடம் திரும்பக் கிடைக்காது. நெட்வொர்க் டிரைவில் அழித்தால் பெரும்பாலும் ரீசைக்கிள் பின்னுக்கே போகாமல் நேராகப் போய்விடும். எஸ்எஸ்டியில் அழித்ததை மீட்பு மென்பொருளால் திருப்பி எடுப்பது அரிது. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும் வகை பேக்கப் வைத்திருந்தால் அதை 30 நாள் நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு ஓட விடுங்கள்.

இறுதிப் பட்டியலும் இரண்டு டிஸ்க்கில் இருப்பதை உறுதி செய்த பிறகு கார்டை எடுங்கள். கணினியில் ஃபார்மட் செய்யாமல், அடுத்து எந்தக் கேமராவில் போடப்போகிறீர்களோ அதிலேயே செய்யுங்கள்.